ஒரு பாட்டில் ஆறு

அந்தப் போன் சத்தத்தக் கொஞ்சம் கொறைச்சுக்குங்க தம்பி. தப்பா நெனச்சுக்காதீங்க. பாட்டுப் போட்டாக் கேக்கலாம், சண்டைக் காட்சி போட்டாக் கேக்கலாம். இவரு பேசறதத்தான் என்னால கேக்க முடியறதில்ல. நிகரன்தானே? படத்தப் பாக்காமயே சொல்லுவனுங்க. பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னால ஒரு மூச்சு இழுப்பாரு, தொண்டைக்குள்ள அழுகை சிக்கிக்கிட்ட மாதிரி. இப்ப எதுக்குங்க அழுகறாரு?

பனிக்கரடிக்கா. சரி, சரி. போன மாசம் ஆமைக்கு.

பனிக்கரடி மேல எனக்கொண்ணும் வருத்தமில்லீங்க. அது பாட்டுக்கு நல்லா இருக்கட்டும். ஆனா நான் பத்தொம்பது வருசம் இந்த மனுசனோட ரசிகர் மன்றத்துல கிளைச் செயலாளரா இருந்தவன். நாச்சிமுத்துன்னா எங்க பகுதியில யாருக்கும் தெரியாது, நிகரன் நாச்சின்னாத்தான் தெரியும். இப்ப எட்டு மாசமா இல்ல. நானே வெளிய வந்துட்டேன். யாரும் தள்ளல, நானே வந்தேன். வந்ததுக்குக் காரணம் என்ற தங்கச்சி கெணறு.

இந்த பஸ்ஸுல அங்கதான் போயிட்டிருக்கறேன், காரக்காட்டுப்புதூருக்கு. கோகிலவாணின்னு பேரு, எனக்கு நாலு வயசு எளையவ. ஆத்தோரம் ரெண்டு ஏக்கரா, ஒரு கெணறு, ரெண்டு மாடு, ஒரு கன்னு. மாப்பிள்ளை லாரியில போறவரு, மாசத்துக்கு ஒருக்கா வந்தாப் பெருசு. அந்தக் கெணத்துத் தண்ணியில இப்ப கை கழுவக்கூட முடியறதில்லீங்க. நாளைக்குத் திங்கக்கிழமை, கலெக்டர் ஆபீசுல மனு குடுக்கறா. மனு நின்னா கெணத்துக்கு ஒரு வழி பொறக்கும், இல்லீன்னா நெலத்த வித்துப்போட்டு டவுனுக்கு வந்து வாடகைக்கு இருக்கறதுதான்னு சொல்லிட்டா. நான் அந்த மனுவுல ஒரு சின்னத் திருத்தம் சொல்லலாம்னு போறேன். சின்னதுதானுங்க.

அத விடுங்க. மன்றத்தப் பத்திச் சொல்லிட்டிருந்தேன். நாங்க சும்மா விசிலடிச்ச கூட்டமில்லீங்க. தலைவரு ஒரு வருசம் மேடையில, “எனக்கு மாலை வேண்டாம், மரம் வைங்க”ன்னாரு. அன்னியிலருந்து பொறந்த நாளுக்குப் பொறந்த நாள் இருவது மரம். பைபாஸ் ரோட்டுல இருவது குழி எடுத்தோம் பாருங்க, கல்லு பூமி, கடப்பாரையெல்லாம் வளைஞ்சு போச்சு. அடுத்த வருசம் அதே குழிதான். அதுக்கடுத்த வருசமும் அதேதான். காஞ்ச குச்சியப் புடுங்கிட்டுப் புதுசு வெச்சு, போட்டோ எடுத்துத் தலைமைக்கு அனுப்புவோம். ஒம்பது வருசம், நூத்தி எம்பது மரம். மாவட்டத்துலயே மொத எடம் எங்க கிளைக்கு.

தண்ணி யாரு ஊத்தறதுங்க? பைபாஸ்ல எங்க இருக்குது தண்ணி?

அப்புறம் தலைவரு உலகத்தப் பத்திப் பேச ஆரம்பிச்சாரு. எங்கயோ காடு பத்திக்கிச்சுன்னா பேசுவாரு. எங்கயோ ஏரி வத்திப்போச்சுன்னா பேசுவாரு. நாங்க உடனே பிளெக்ஸ் வெச்சுருவோம். மன்றத் தலைவன் ஜாபருக்கு பிளெக்ஸ் கடைதான். அந்த ஏரிப் பேரெல்லாம் அவன் வாயில நுழையாது. “ஏப்பா செயலாளரே, உள்ளூருல ஒரு எடத்துக்கு அழச் சொல்லப்பா, எழுத்தாவது கொறையும்”பான். நான் திட்டுவேன். “அவரு உலகத்துக்கே மனுசன், உனக்கு எழுத்துக் கணக்கு”ம்பேன்.

போன வருசம் ஆடி நோம்பிக்கு வாணி எங்க வீட்டுக்கு வந்தா. டீவியில தலைவரு ஒரு ஏரிக்காகப் பேசிட்டிருக்கறாரு. நாங்க ரெண்டு பேரும் பாத்துட்டிருக்கறோம். அவ முறுக்கு தின்னுட்டே கேக்கறா, “ஏண்ணா, அந்த ஏரியில தண்ணி என்ன கலருக்கு வந்துச்சாமா?”

“கலரில்ல, வத்திப்போச்சாம்”னேன்.

“எங்களுதுல கலரா வருதே. திங்கக்கிழமை ஊதா, வியாழக்கிழமை பச்சை. எந்த நாட்டுக்கு என்ன பனியன் ஆர்டர் போகுதுன்னு எங்க ஊருல பாலத்து மேல நின்னே சொல்லிப்போடுவோம். ஒன்ற தலைவர்கிட்டச் சொல்லி நம்ம ஆத்துக்கும் ஒரு வார்த்தை பேசச் சொல்லேன். பத்தொம்பது வருசமா அவரத் தலையில வெச்சுட்டு ஆடறயே, ஒரு வார்த்தைக்கு வக்கில்லையா?”

சிரிச்சுட்டேதான் சொன்னா. அவ எப்பவும் அப்பிடித்தான், சிரிச்சுட்டே சொருகுவா. ஆனா போகும்போது வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டு, “கெணறு போச்சுன்னா நான் அங்க இருந்து என்ன பண்றதுண்ணா”ன்னா. அப்ப சிரிக்கல.

எனக்கு ராத்திரி முச்சூடும் அதே நெனப்பு. நான் என்ன வேலை பாக்கறேன்னு சொல்லலியே உங்ககிட்ட? சாயப்பட்டறைங்க. சூப்பர்வைசர். இருவத்திரெண்டு வருசம் ஒரே முதலாளிகிட்ட.

இல்லீங்க, நீங்க நெனைக்கற மாதிரி இல்ல. எங்க பட்டறையில தண்ணியச் சுத்தம் பண்ற மிசினெல்லாம் இருக்குது. சுத்தம் பண்ணாதத நாங்க சும்மா விடமாட்டோம். மழை வந்தா மட்டும்தான் விடுவோம். மழையில ஆறே பெருக்கெடுத்துப் போகும்போது அதோட அதாப் போயிரும், யாருக்கும் தொந்தரவில்ல. பின்பக்கம் ஒரு வால்வு இருக்குது, அதுக்குச் சாவி என்கிட்டத்தான். முதலாளி வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டாரு, நாணயத்துக்குத்தான் குடுக்கறது. வெய்யக் காலத்துலயும் தொறந்து விடறவங்க இருக்கறாங்க தம்பி, அவங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்குமாங்க?

அந்த நேரம் பாத்து மெட்ராசுல ரசிகர் சந்திப்பு வந்துச்சு. கல்யாண மண்டபத்துல தலைவரு நிப்பாரு, வரிசையில போகோணும், தோள் மேல கையப் போடுவாரு, போட்டோ, அவ்வளவுதான். ஆளுக்கு எட்டு நொடி. எட்டு நொடியில என்னத்தச் சொல்லறது? அப்பத்தான் எனக்கு யோசனை வந்துச்சு. ஆத்துத் தண்ணிய ஒரு பாட்டில்ல புடிச்சுக் கையில குடுத்துட்டா? பாத்தாலே புரிஞ்சு போயிருமில்லீங்க?

ஜாபரும், “பரவால்ல நாச்சி, உனக்கும் மூளை இருக்குது”ன்னான்.

கெட்ட நேரம் பாருங்க, அந்த வாரம் ஆறு நல்லா இருந்துச்சு. ஆர்டர் கொறைவு, பாதிப் பட்டறை ஓடல. மழையுமில்ல. பாலத்துக்குக் கீழ போய்ப் பாக்கறேன், தண்ணி கண்ணாடி மாதிரி ஓடுது. மீன் கூட இருந்துச்சுங்க, குஞ்சு குஞ்சா. இதக் கொண்டுபோய்த் தலைவர்கிட்டக் குடுத்தா என்ன நெனைப்பாரு? “நல்ல ஆறுதானப்பா”ம்பாரு. ரெண்டு நாள் காத்திருந்து பாத்தேன். மூணாம் நாள் ரயிலுக்கு டிக்கெட்டுப் போட்டிருக்குது.

எங்க பட்டறைத் தொட்டியில செவப்பு நின்னுட்டிருந்துச்சு. நல்ல கெட்டிச் செவப்பு.

அரை மணி நேரம்தானுங்க தொறந்தேன். நல்ல காரியத்துக்குத்தானே? வால்வத் தொறந்துட்டு வண்டிய எடுத்துட்டுப் பாலத்துக்குப் போய், செவப்பு வந்து சேர்ற வரைக்கும் நின்னேன். வந்துச்சு பாருங்க, ரத்தினக் கம்பளம் விரிச்ச மாதிரி. பாட்டில முக்கி எடுத்து மூடுனேன். ஜாபர் பாத்துட்டு, “நேத்துக்கூட நல்லா இருந்துச்சேப்பா”ன்னான். “நமக்கு நல்ல நேரம்”னேன்.

லேபிள் அவன் கடையிலதான் அடிச்சோம். அங்கதான் ஒரு தப்பு நடந்து போச்சு. ஜாபருக்குப் பழக்கதோசம். பாட்டில் முன்னால பூராவும் தலைவர் மூஞ்சி, கும்புடற மாதிரி. சுத்தியும் எங்க கிளை நிர்வாகிங்க பதினாலு பேரு தலை. “எங்கள் ஆற்றைக் காப்பாற்றுங்கள்”ங்கறதுக்கு எடமே இல்லாம, அடியில எறும்பு ஊர்ற மாதிரி போட்டு, அதுவும் ஒட்டும்போது பின்பக்கம் போயிருச்சு. நான் கேட்டேன், “ஏண்டா, ஆறு எங்கடா?” “தலைவர் மூஞ்சியச் சின்னதாப் போட்டா மரியாதையா இருக்குமா?”ன்னான். அது நாயந்தானே, அப்பிடியே எடுத்துப் பையில வெச்சுக்கிட்டேன்.

என்ற மொறை வந்துச்சு. மேடையேறுனதும் எனக்குக் கண்ணுல தண்ணி. பத்தொம்பது வருசம் தம்பி. தலைவரு பாட்டில வாங்குனாரு, அவரு மூஞ்சிய அவரே பாத்தாரு, அப்பிடிச் சிரிச்சாரு. தூக்கிப் புடிச்சு வெளிச்சத்துல ஆட்டிப் பாத்தாரு. “நன்னாரியா? வீட்ல செஞ்சதா? அம்மாகிட்ட சொல்லுங்க, கண்டிப்பா குடிக்கிறேன்”னாரு. “தலைவா, எங்க ஆறு…”ன்னேன். அதுக்குள்ள போட்டோ எடுத்தாச்சு, கருப்புச் சட்டைக்காரன் என்னை அந்தப் பக்கம் தள்ளி விட்டுட்டான். போட்டோவுல பாக்கோணும் நீங்க, நாங்க ரெண்டு பேரும் பாட்டிலப் புடிச்சுட்டு நிக்கறோம், கடைத் தொறப்பு விழா மாதிரி.

ரயில்ல வரும்போதுதான் எனக்குப் பக்குன்னுச்சு. பாசத்துல குடிச்சுப்போட்டார்னா? அது என்ன சாயம்னு எனக்கில்ல தெரியும்! மூணு நாள் சோறு எறங்கல. தலைமை ஆபீசுக்குப் போன் போட்டுப் போட்டு, கடைசியா ஒருத்தரு எடுத்தாரு. “சார், அந்தச் செவப்பு பாட்டில், தலைவரு குடிச்சுரக் கூடாது சார்”னேன். அந்தாளு சிரிக்கறாரு. “ரசிகருங்க குடுக்கறத சார் எதுவும் வாயில வைக்க மாட்டாரு, அன்னிக்கே சாக்கடையில ஊத்தியாச்சு, கவலைப்படாதீங்க”ங்கறாரு.

கவலை போச்சுங்க. ஆனா அந்தச் சாக்கடைங்கற வார்த்தை உள்ள வந்து உக்காந்துக்கிச்சு.

நான் ஊருக்கு வந்து எறங்குன அன்னிக்கே வாணி போன் பண்ணியிருந்தா. “அண்ணா, இந்தத் தடவ செவப்பா வந்திருக்குதண்ணா. மழை கூட இல்ல. கெணத்துக்குள்ள எறங்கிருச்சு. கன்னுக்குட்டி குடிச்சுப்போட்டு நிக்க முடியாமக் கழியுது. எந்தப் பாவி தொறந்தானோ.” “பாரு, இதுக்குத்தான் நான் மெட்ராஸ் வரைக்கும் போய்ப் பாடுபட்டுட்டு வந்திருக்கறேன்”னேன். கன்னுக்குட்டி பொழைச்சுக்கிச்சுங்க, ஒரு வாரத்துல. நான்தான் டாக்டரக் கூட்டிட்டுப் போனேன்.

அப்புறமும் நான் விடல. பதிவுத் தபால்ல மூணு லெட்டர் போட்டேன். பதில் இல்ல. ஐப்பசியில பாத்தீங்கன்னா, பைபாஸ்ல, எங்க இருவது குழிக்கு நேர் எதுக்கால, பெரிய போர்டு. தலைவரு வெள்ளை பனியன் போட்டுட்டு நிக்கறாரு. “சுத்தம் எனக்குப் பிடிக்கும்”னு எழுதியிருக்குது. கம்பெனி எங்க ஊருக் கம்பெனிதான்.

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. இவரு எங்க பேசுவாரு, எங்க பேச மாட்டாருன்னு. பனிக்கரடி விளம்பரம் குடுக்காதுங்க. ஆமை வந்து, ஏன் அப்பிடிச் சொன்னேன்னு சண்டைக்கு நிக்காது. அதுகளுக்காக எவ்வளவு வேணா அழலாம். வெள்ளைப் பனியன்தானே, சாயமில்லையேன்னு நீங்க கேக்கலாம். வெளுக்கறதுக்குத்தான் தம்பி தண்ணியும் மருந்தும் அதிகம். எனக்குத் தெரியாதா? அந்தப் பனியன் துணி எங்க பட்டறையிலதானே வெளுக்குது.

அது வேற விசயம்.

அன்னிக்கு டீக்கடையில வெச்சு மன்ற கார்டக் கிழிச்சேன். பத்திருவது பேரு இருந்தாங்க. நான் மேடைப் பேச்சுக்காரனில்ல, ஆனா அன்னிக்கு எங்கிருந்தோ வந்துச்சு. “தூரத்துல நடக்கற அநியாயத்துக்கு அழுகறது சுலபம்யா. நம்ம பக்கத்துல, நமக்குச் சோறு போடற எடத்துல நடக்கறப்ப வாயத் தொறக்கோணும். அங்க மூடிட்டு இங்க தொறக்கறவன் மனுசனே இல்ல”ன்னேன். ஜாபர் போன்ல படம் புடிச்சுட்டான். அவனே போட்டும் விட்டுட்டான். பன்னெண்டாயிரம் பேரு பாத்திருக்கறாங்க தம்பி, உங்க போன்லயும் தேடுனா வரும், “நிகரன் நாச்சி பேச்சு”ன்னு போடுங்க. முதலாளி கூடப் பாத்துட்டு, “பரவால்லையே நாச்சிமுத்து, நல்லாப் பேசறயே”ன்னாரு. வாணி ஏழு தடவ பாத்தாளாம். அழுதுட்டாளாம்.

அழுததோட விட்டிருக்கலாம்.

அவ அதுக்கப்புறம் சும்மா இருக்கல. அவ வீட்டு நாள்காட்டித் தாளு பூராத்தையும் கிழிக்காம வெச்சிருக்கறா. எந்தத் தேதியில என்ன கலரு வந்துச்சுன்னு அதுலயே எழுதி, கரையோரத்து வீடுங்கள்ல கேட்டு, டவுனுல விசாரிச்சு, எந்தப் பட்டறை எந்தக் கலருன்னு கண்டுபுடிச்சு, மனு எழுதியிருக்கறா. பதினோரு பட்டறை பேரு. எனக்கு ரொம்பப் பெருமையா இருந்துச்சு. முந்தாநேத்து போன்ல படிச்சுக் காட்டுனா.

மொதப் பேரு எங்க பட்டறை.

“வாணி, இது என்ன…”ன்னேன்.

“நீ சொன்னதுதாண்ணா. சோறு போடற எடத்துல நடக்கறதுக்குத்தான் வாயத் தொறக்கோணும்னு சொன்னயில்ல? அண்ணனோட பட்டறைன்னு நான் விட்டுட்டா நானும் அந்த நிகரனும் ஒண்ணுதானே? அதான் மொத அதையே எழுதிட்டேன். நீ கோவிச்சுக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்.”

போன இந்தக் காதுலருந்து அந்தக் காதுக்கு மாத்திக்கிட்டேன்.

அதோட முடியல. “வக்கீலு சொல்றாருண்ணா, வெளிய இருந்து பாத்தவங்க நூறு பேரு கையெழுத்துப் போட்டாலும், அது எங்க பட்டறைத் தண்ணியில்லன்னு சொல்லித் தப்பிச்சுருவாங்களாமா. உள்ள இருந்து பாத்தவன் ஒருத்தன் கையெழுத்துப் போட்டாத்தான் மனு நிக்குமாமா. மேல மொத வரியக் காலியா விட்டு வெச்சிருக்கறேன். ஞாயித்துக்கெழமை வந்துரு”ன்னா. அந்தச் செவப்புத் தேதிய மொதல்ல எழுதியிருக்கறா. “அது எந்தப் பட்டறைன்னு நான் தேடவே வேண்டியதில்ல, ஒன்ற போட்டோவுல பாட்டில்லயே அதே செவப்பு இருந்துச்சே”ன்னு சிரிக்கறா தம்பி. சிரிக்கறா. எனக்குத் தெரியும், அவ சிரிச்சா என்ன அர்த்தம்னு.

முதலாளி நேத்துக் கூப்புட்டாரு. அவருக்கு எப்பிடித் தெரிஞ்சுதோ. கோவமெல்லாம் படலீங்க, நல்ல மனுசன். “தங்கச்சிதானே, பக்குவமாச் சொல்லு”ன்னாரு. அவரு சொல்றதும் நாயந்தானே? நாப்பது குடும்பம் எங்க பட்டறைய நம்பி இருக்குது. பதினொண்ணுல ஒண்ணக் கொறைச்சா என்ன ஆயிரும்? பத்து இருக்குது. பத்து பத்தாதுங்களா ஒரு மனுவுக்கு? மத்த பத்துக்கும் வேண்ணா நான் சாட்சி சொல்றேன், வெய்யக் காலத்துல தொறக்கற பட்டறையெல்லாம் எனக்கு அத்துப்படி. இதத்தான் அவகிட்டச் சொல்லோணும். எப்பிடி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல. பஸ் ஏறுனதுலருந்து அதத்தான் யோசிச்சுட்டு வர்றேன்.

நீங்க ஏன் என்னை அப்பிடிப் பாக்கறீங்க?

ரெண்டும் ஒண்ணில்லீங்க. அவரு தலைவரு, கோடிப் பேரு கேக்கறாங்க. அவரு பேசாம இருந்தா அது துரோகம். நான் யாரு? என்னை யாரு கேக்கறா?

பன்னெண்டாயிரம் பேரு கேட்டாங்க, அது சரி.

ஊரு வந்துருச்சு. எந்திரிக்காதீங்க, இருங்க, வழி வேண்டாம். அங்க பாருங்க, நிழற்குடைக்கு வெளிய, பச்சைச் சீலை. அவதான். கையில பாத்தீங்களா, அட்டையில சொருகி நெஞ்சோட புடிச்சிருக்கறா, கசங்கக்கூடாதுன்னு. இன்னொரு கையில பேனா. வீடு வரைக்கும் போறதுக்குள்ள நான் மாறிருவேன்னு ரோட்டுலயே கையெழுத்து வாங்கப் பாக்கறா போல.

போகட்டுங்க. விசில் குடுத்துட்டாங்க. நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கி, கொஞ்சம் நடந்து வந்தா ஒரு யோசனை வரும்.

கொஞ்சம் இருங்க, போன் அடிக்குது.

சொல்லு வாணி. ஆமா, ஏறுனேன். இல்ல, தூங்கிட்டேன். எறங்கறதுக்குள்ள எடுத்துட்டான். என்னது? கண்ணத் தொறந்துட்டேதான் தூங்குனேன், இப்ப என்ன? வேண்டாம், நானே வந்துக்கறேன். வேண்டாங்கறேன், நீ வண்டியெல்லாம் எடுக்காத. வாணி. வாணி.

வெச்சுட்டாளுங்க. மொபட்டுல பஸ்ஸுக்குப் பின்னாலயே வர்றாளாமா.

தம்பி, இருவது வருசமா இந்த பஸ்ஸுல வர்றேன், இந்த ஊரத் தாண்டி ஒருக்காக்கூடப் போனதில்ல. இது கடைசியா எங்கீங்க போய் நிக்கும்?